குளிர்கால டிரவுட்: ஊற்றோடையும் உறைந்த ஏரியும்

குளிர் நாடுகளின் ஆறுகளில் வாழும் மீன்கள் பனிக்காலம் வந்ததும் அடங்கி ஒடுங்கிவிடுகின்றன, ஆகவே அப்பருவத்தில் தூண்டிற்கோலைப் பரண்மேல் ஏற்றிவிடுவதே விவேகம் என்ற எண்ணம், தூண்டில்காரர்களிடையே மட்டுமன்றி, மீன்பிடிப்புக்குச் சட்டதிட்டங்களை வகுத்தவர்களிடையேயும் நெடுங்காலம் நிலவிவந்தது. அதே நாடுகளில், அதே மாதங்களில், உறைந்துபோன ஏரிகளின்மேல் நடந்து சென்று, பனிக்கட்டியைத் துளைத்து, அத்துளையின் வழியே மீனை மேலே இழுக்கும் வழக்கமும் தலைமுறை தலைமுறையாக இருந்துவருகிறது என்பதை உடன்வைத்து நோக்கும்போது, ஆற்றில் உறங்கும் மீன் ஏரியில் மட்டும் விழித்திருப்பதாக மனிதர் எவ்வாறு ஏககாலத்தில் நம்பிவந்தனர் என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது. இதற்குரிய விடையை மீனிடத்தில் தேடுவதைக் காட்டிலும் நீரினிடத்தில் தேடுவதே பயனுடையது என்பது என் கருத்து. அவ்வாறு தேடப் புகுவோர்க்கு, அமெரிக்காவின் வடபகுதியிலுள்ள விஸ்கான்சின் மாநிலத்தைவிடப் பொருத்தமான களம் வாய்ப்பது அரிது. அதன் தென்மேற்கு மூலையில் ஊற்றுநீரால் ஓடும் எண்ணற்ற சிற்றோடைகள் இருக்கின்றன. வட எல்லையில் சுபீரியர் ஏரி கடலென விரிந்து கிடக்கிறது. தென்பகுதியிலேயே, தலைநகரான மாடிசனில், ஏரிகளைப் பற்றிய சாஸ்திரத்தை வளர்த்த பர்ஜ், ஜூடே என்னும் இரு பேராசிரியர்கள் பணியாற்றிய சர்வகலாசாலை இருக்கிறது.

டிரவுட் நம் வாசகர்களுக்கு முற்றிலும் அந்நியமான மீனன்று. உதகைக்கு அப்பால் அவலாஞ்சியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே வெள்ளைக்காரர்கள் பொரிப்பகம் அமைத்து வளர்த்துவிட்ட வானவில் டிரவுட்டின் சந்ததி இன்றும் நீலகிரியில் உண்டு. ஆனால் நீலகிரியின் உறைபனி புல்நுனியோடு நின்றுவிடுவது. ஓடையை உறையவைக்கும் குளிரை அந்த மீன் அங்கே கண்டதில்லை. விஸ்கான்சினின் ஓடைகளில் ஆதியிலிருந்தே இருந்துவந்தது ப்ரூக் டிரவுட் ஒன்றுதான். ப்ரவுன் டிரவுட் 1880-களில் ஜெர்மனியிலிருந்து முட்டையாக அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தது. வானவில் டிரவுட் கலிபோர்னியாவிலிருந்து வந்தது. சுபீரியர் போன்ற ஆழ்ந்த ஏரிகளில் வாழும் பேருருவங்கொண்ட லேக் டிரவுட்டோ அங்கேயே பிறந்து வளர்ந்த குடிமகன். நுட்பமாகப் பார்த்தால் ப்ரூக் டிரவுட்டும் லேக் டிரவுட்டும் சார் என்னும் கிளையைச் சேர்ந்தவை. எனினும் நாம் ஆராயப்போகும் விஷயத்தில் இவையனைத்தும் ஒரே விதிக்கு உட்பட்டவையாகையால், அந்தப் பாகுபாட்டை இங்கே வற்புறுத்த வேண்டியதில்லை.

தண்ணீரின் சுபாவம் ஒன்று இதற்கெல்லாம் அடிப்படையாக நிற்கிறது. பெரும்பாலான திரவங்கள் குளிரக் குளிரச் சுருங்கி அடர்த்தி மிகுந்துகொண்டே போக, நன்னீரோ 4 டிகிரி சென்டிகிரேடில் அடர்த்தியின் உச்சத்தை எட்டி, அதற்கு மேலும் குளிர்ந்தால் மறுபடி விரியத் தொடங்குகிறது. ஆகையினாலே, இலையுதிர் காலத்தில் ஓர் ஏரி மேலிருந்து குளிரும்போது, 4 டிகிரிக்கு வந்த நீர் கனத்துக் கீழே இறங்க, அதனினும் குளிர்ந்த நீர் மேலே மிதந்து, காற்றடங்கிய ஓர் இரவில் உறைந்து மூடிவிடுகிறது. மூடிய பின்னர் அந்தப் பனிக்கட்டியே ஏரிக்கு வீட்டுக்கூரை போலாகி, வெளியே வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இருபது முப்பது டிகிரி இறங்கினாலும், அடியிலுள்ள நீரைக் காற்றின் அலைப்பினின்றும் மேலும் குளிர்வதினின்றும் காக்கிறது. வேனிலில் மேற்பரப்பு சூடேறுவதால் ஆழத்துக்குத் துரத்தப்பட்டிருந்த லேக் டிரவுட், குளிர்காலத்தில் அத்தடை நீங்கியதும், கரையோரத்து ஆழமற்ற நீரிலும் தாராளமாக உலாவி இரை தேடுகிறது. பனிக்கட்டிக்குக் கீழே மீன் விழித்திருப்பதில் ஆச்சரியப்படுவதற்கு ஒன்றுமில்லை. அதற்கு அதுவே சஞ்சாரப் பருவம்.

ஆற்றின் நிலைமை இதற்கு நேர்மாறானது. ஓடும் நீர் புரண்டுகொண்டே இருப்பதால், கனத்த நீர் அடியிலும் இலேசான நீர் மேலுமாகப் பிரிந்து தங்க அவகாசமில்லை. மேல்மட்டம் பெற்ற குளிரை அடிமட்டமும் உடனே பெறுகிறது. மேகமற்ற கடுங்குளிர் இரவுகளில், ஓட்டத்தின் வேகத்தால் உறைய இயலாத நீர், பூஜ்யத்துக்கும் ஒரு டிகிரியின் நூறிலொரு சில பங்கு கீழே போய்விடுவதும் உண்டு. அப்போது நீர் முழுவதிலும் நுண்ணிய பனிச்செதில்கள் தோன்றி, மிதந்து, படுகையிலுள்ள கூழாங்கற்களின்மேல் ஒட்டிப் படிந்து, ஆற்றின் அடித்தளத்தையே வெண்ணிறக் கஞ்சியால் பூசியதுபோல ஆக்கிவிடும். காலையில் வெயில் ஏறியதும் இந்த அடிப்பனி கல்லையும் மணலையும் பெயர்த்துக்கொண்டு மேலெழும்பி மிதந்து போகும். போகும் வழியில் எங்காவது சிக்கி அணையாகித் தேங்கி, நீரை வேறு பக்கம் திருப்பிவிட்டு, பின்பு உடைந்து போகும்போது, ஒதுங்கிய மீன்களைக் கரையில் தங்கவிட்டுச் செல்வதும் உண்டு. ஏரியின் பனி மேலிருந்து மூடிக் காக்க, ஆற்றின் பனி அடியிலிருந்து கிளம்பி அலைக்கழிக்கிறது. டிரவுட்டின் குளிர்கால வாழ்க்கை எங்கும் ஒன்றுபோல் இராமைக்கு இதுவே காரணம்.

இனி மீனைப் பார்ப்போம். தன் உடம்பின் உஷ்ணத்தைத் தானே நிர்ணயித்துக்கொள்ளும் சக்தி மீனுக்கு இல்லை. நீர் குளிர்ந்தால் அதன் இரத்தமும் குளிர்ந்து, செரிமானம் மந்தித்து, தேவைப்படும் ஆகாரமும் குறைந்துவிடுகிறது. ஏறக்குறைய 13 டிகிரியில் செழித்து வளரும் ப்ரவுன் டிரவுட், 4 டிகிரிக்குக் கீழே போகும்போது வளர்ச்சியை அநேகமாக நிறுத்திவிடுகிறது. ஆனால் வளர்ச்சி நிற்பது வேறு, வாழ்க்கை நிற்பது வேறு. கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையிலுள்ள கான்விக்ட் ஓடையில் நீடம் முதலிய ஆராய்ச்சியாளர்கள் கவனித்து 1952-இல் வெளியிட்ட குறிப்புகளில், உறைநிலையை ஒட்டிய நீரிலும் டிரவுட் இரை கொள்வது பதிவாகியிருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து ஓடைகளைக் குளிர்காலத்தில் ஆராய்ந்த கன்ஜாக், பவர் என்னும் இருவர், நிலத்தடி நீர் கசியும் இடங்களை நாடி டிரவுட் கூட்டமாகச் சேர்வதை எண்பதுகளில் விளக்கினர். உறைபனி மிகுந்த நடுக்குளிரைவிட, நீர் முதன்முதலாகச் சடுதியில் குளிரும் முன்பனிக் காலத்திலேதான் மீன் தன் சேமிப்பை அதிகமாக இழந்து மெலிகிறது என்பதும் இத்தகைய ஆராய்ச்சிகளால் தெரியவந்தது.

இவற்றினும் முக்கியமான உண்மை ஒன்றுண்டு. நீர் மிகக் குளிர்ந்தபோது டிரவுட் பகல் முழுதும் கற்களின் இடுக்கிலும், கரையின் வேர்க்குடைவிலும், வீழ்ந்த மரங்களின் அடியிலும் பதுங்கி, இருட்டிய பிறகே வெளிவந்து இரை தேடுகிறது. குளிர்ந்த தசையால் விரைந்து தப்பியோட இயலாத நேரத்தில், நீர்நாய், மிங்க், மீன்கொத்திப் பறவைகள் ஆகிய வெதுவெதுப்பான இரத்தமுள்ள வேட்டைக்காரர்களின் கண்ணில் படாமலிருப்பதே அதற்கு ஆதாயம். ஆற்றில் மீன் உறங்குகிறது என்ற பழைய நம்பிக்கை எங்கிருந்து பிறந்தது என்பது இப்போது விளங்கும். அந்த நம்பிக்கை கொண்டவர்கள் பொய்யர்களல்லர்; ஆற்றைப் பகலில் பார்த்தவர்கள்.

இனி விஸ்கான்சினின் தென்மேற்கு மூலைக்கு வருவோம். வட அமெரிக்காவைப் பன்முறை மூடிச் சென்ற பனிப்பாறைகள், அக்கம்பக்கத்து நிலங்களையெல்லாம் இழைத்துச் சமன்செய்துவிட்டபோதிலும், இம்மூலையையும் அதையடுத்த இல்லினாய் மாநிலத்தின் ஒரு பகுதியையும் தொடாமலே விலகிப் போயின. அதனால் அங்கே பழைய குன்றுகளும் குறுகிய பள்ளத்தாக்குகளும் இன்றளவும் நிலைத்திருக்கின்றன. குன்றின் உச்சியில் பெய்யும் மழை, சுண்ணாம்புப் பாறையிலும் மணற்பாறையிலுமுள்ள வெடிப்புகளின் வழியே இறங்கி, நெடுநாள் மண்ணுக்குள் கிடந்து, பள்ளத்தாக்கின் அடியில் ஊற்றாகப் புறப்படுகிறது. இவ்வளவு காலம் நிலத்துக்குள் தங்கும் நீர், கோடையையும் குளிரையும் கூட்டிச் சராசரி எடுத்தாற்போல, ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 9 டிகிரி வெப்பத்திலேயே வெளிவரும். ஜூலை மாதத்தில் கையை வைத்தால் ஜில்லென்று உறைக்கும் அதே நீர், காற்று பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரியில் நிற்கும் ஜனவரியில், ஆவி பறக்க ஓடிக்கொண்டிருக்கும். சுற்றிலும் வெண்பனி மூடிய வயல்களுக்கு நடுவே, ஊற்றுக்கண்ணில் மட்டும் நீர்க்கீரை பச்சைப் பசேலெனத் தழைத்திருப்பதை அங்கே காணலாம். அக்கீரையினடியில் இறாலை ஒத்த அரை அங்குலப் பிராணிகள் குளிர்காலம் முழுவதும் டிரவுட்டுக்கு ஆகாரமாகின்றன. இத்தகைய நீரில் வாழும் மீனுக்குப் பகலில் ஒளிந்துகொள்ள வேண்டிய நிர்ப்பந்தம் பெரும்பாலும் இல்லை.

ஆனால் இந்த ஊற்றுகள் இயற்கையின் நிலையான தானம் என்று எண்ணிவிடக்கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நார்வேயிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வந்து குடியேறிய உழவர்கள், செங்குத்தான சரிவுகளை மேலிருந்து கீழாக உழுதும், மலைக்காடுகளில் மாடுகளை மேயவிட்டும் வாழத் தலைப்பட்டதன் விளைவாக, மழைநீர் மண்ணுக்குள் இறங்குவதை விட்டு வழிந்தோடி, மேல்மண்ணை வாரிக்கொண்டு பள்ளத்தாக்கை மேவியது, ஊற்றுகள் மெலிந்தன, ஓடைகள் வெள்ளத்தில் கரைபுரண்டு வேனிலில் சூடேறின. டிரவுட் அநேக ஓடைகளில் அருகிப்போனது. 1933-ஆம் ஆண்டு, அமெரிக்க அரசாங்கம் மண்ணரிப்பைத் தடுக்கும் தன் முதல் நீர்வடிநிலத் திட்டத்தைக் கூன் வேலி என்னும் சிற்றூரைச் சுற்றிய கூன் ஓடைப் பள்ளத்தாக்கில் தொடங்கியது. அந்த முயற்சியில் ஆலோசகராகப் பங்குகொண்ட ஆல்டோ லியோபோல்ட், அவ்வாண்டிலேதான் மாடிசன் சர்வகலாசாலையில் வனவிலங்கு நிர்வாகப் பேராசிரியராக அமர்ந்தவர். வேலையற்ற இளைஞர்களைக் கொண்டு அமைத்த தொண்டர் படை அங்கே வந்து பாசறை அமைத்து, ஓடைக்கரைகளைக் கட்டி, மரங்களை நட்டது; உழவர்கள் சரிவின் குறுக்காக, புல்லும் தானியமும் மாறிமாறி வரும் பட்டைகளாக உழக் கற்றுக்கொண்டார்கள். பல பத்தாண்டுகள் இந்தப் பள்ளத்தாக்கில் படியும் வண்டலை அளந்துவந்த டிரிம்பிள் என்னும் புவியியலறிஞர், மண்ணரிப்பு வெகுவாகத் தணிந்துவிட்டதை 1999-இல் எண்களோடு நிறுவினார். நீர் மறுபடி மண்ணுக்குள் இறங்கிற்று, ஊற்றுகள் பெருகின, கூன் ஓடையின் கிளையாகிய டிம்பர் கூலியில் இன்று மைலுக்கு ஆயிரக்கணக்கான டிரவுட் வாழ்கின்றன. குளிர்காலத்தில் அங்கே ஒருவன் தூண்டில் போட முடிகிறதென்றால், குன்றின் உச்சியில் யாரோ ஓர் உழவன் ஏரைக் குறுக்காகத் திருப்பினான் என்பதே அதற்கு மூலகாரணம். மீன்வளத்தைப் பற்றி எழுதுவோர் இதைப் போதிய அளவு வற்புறுத்துவதில்லை என்பது என் குறை. முட்டை பொரித்து விட்டவர்களின் புகழ் பெருகிய அளவுக்கு உழவர்களின் புகழ் பெருகவில்லை.

இவ்வோடைகளில் முன்பு மார்ச் மாதத்தில் தொடங்கிய முற்பருவத்தை, அண்மைக் காலத்தில் ஜனவரியின் முதல் சனிக்கிழமைக்கே அம்மாநிலம் நகர்த்தியிருக்கிறது. மே மாதத்து முழுப்பருவம் திறக்கும் வரையில், பிடித்த மீனை மறுபடி நீரிலேயே விட்டுவிட வேண்டும் என்பது நிபந்தனை. குளிர்காலத் தூண்டிலின் முறை வேனிலின் முறையினின்றும் பலவாறாக வேறுபட்டது. அதிகாலையில் எழுவதில் ஒரு பயனுமில்லை. வெயிலால் நீர் ஓரிரு டிகிரி ஏறும் நண்பகலை ஒட்டிய மூன்று நான்கு மணி நேரமே காரியம் ஆகும் வேளை. மீன் வேகமான ஓட்டத்தை விட்டு, ஆழமும் நிதானமுமான மடுக்களில் நெருங்கி நிற்கும். இரையைத் தேடித் தொலைதூரம் வராது. அதன் மூக்குக்கு நேராக, படுகையை ஒட்டி, ஓட்டத்தின் வேகத்தோடு மாறுபடாமல் பொய்யிரை மிதந்து செல்ல வேண்டும். பெரும்பாலும் இறாலை ஒத்த அப்பிராணியைப் போலவோ பூச்சிப் புழுவைப் போலவோ நூலும் உரோமமும் சுற்றிக் கட்டிய பொய்யிரையைத்தான் அடியில் ஓடவிடுவார்கள். கொசுவின் உருவங்கொண்டு கடிக்கும் குணமில்லாத சிறு பூச்சிகள் காற்றடங்கிய நண்பகலில் நீரினின்றும் பறந்தெழும்போதும், பிப்ரவரி மார்ச் மாதங்களில் கருநிறக் கற்பூச்சிகள் வெளிப்பட்டு வெண்பனிமேல் ஊர்ந்து திரியும்போதும், மீன் மேற்பரப்புக்கு வந்து கொத்துவதைக் காணலாம். அப்போது கட்டும் பொய்யிரை ஓர் அரிசியைக் காட்டிலும் சிறியது. அதற்குரிய முள் இருபது, இருபத்திரண்டு என்னும் இலக்கங்களில் விற்கப்படும். இலக்கம் ஏற ஏற முள் சிறுக்கும். விறைத்துப்போன விரலால் அந்த முள்ளின் காதில் நரம்பைக் கோத்து முடியிடுவது எத்தகைய தவம் என்பதைச் செய்து பார்த்தவரே அறிவர்.

குளிர் செய்யும் தொல்லைகள் இன்னும் உண்டு. நீரில் நனைந்த நரம்பு கோலின் வளையங்களில் உறைந்து அடைத்துக்கொள்ளும். நாலைந்து வீச்சுக்கு ஒருமுறை கோலை நீருக்குள் அமிழ்த்திக் கரைக்க வேண்டியிருக்கும். சுருணை உறைந்து சுற்ற மறுக்கும். கம்பளி அடியிட்ட மூட்டுக்காலணியில் வெண்பனி ஒட்டித் திரண்டு, நடப்பவனைப் பொய்க்காலில் நிற்பவனாக்கிவிடும். இவை எதுவும் வேனில் தூண்டில்காரனுக்கு இல்லை. ஆனால் கொசுவும், கரையை மறைக்கும் களையும், பிறமனிதரும் குளிர்காலத்தில் இல்லை என்பதை இப்பருவத்தை விரும்புபவர்கள் ஈடாகச் சொல்வார்கள். பிறமனிதர் இல்லாமையையே அவர்கள் முதன்மையாகக் கருதுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

குளிர்காலத்தில் ஆற்று மீனைத் தொந்தரவு செய்வது முறையா என்ற ஆட்சேபம் நெடுநாளையது; அதைப் பகுத்துப் பார்க்க வேண்டும். குறைந்த சேமிப்போடு பருவத்தைக் கடக்க முயலும் மீனை இழுத்துப் போராடச் செய்வது அதன் உயிருக்கு உலைவைப்பதாகாதா என்பது ஒன்று. நடைமுறையில், குளிர்ந்த நீரில் பிராணவாயு மிகுந்தும், மீனின் போராட்டம் குறுகியும் இருப்பதனால், பிடித்து விடப்பட்ட டிரவுட் இறந்துபடுவது 20 டிகிரிக்கு மேற்பட்ட வேனில் நீரில்தான் அதிகம், குளிரில் குறைவு. ஆனால் மீனை வெளியே தூக்கி நிழற்படம் எடுத்துக்கொண்டு நிற்கும் அரைநிமிஷத்தில், அதன் மெல்லிய செவுள் இழைகள் உறைந்து சேதமாகிவிடக்கூடும். நீரை விட்டு எடுக்காமலே முள்ளைக் கழற்றி விடுபவனிடம் இந்த ஆட்சேபம் செல்லாது. படமெடுப்பவனிடம் முழுவதும் செல்லும்.

மற்றோர் ஆட்சேபம் இதனினும் கனமானது. அதைப் பேசுவோர் குறைவு. ப்ரவுன் டிரவுட்டும் ப்ரூக் டிரவுட்டும் அக்டோபர், நவம்பர் மாதங்களில், ஆழமற்ற கூழாங்கல் படுகையில் பெண்மீன் வாலால் அகழ்ந்த குழிகளில் முட்டையிட்டு மூடிவிடுகின்றன. நீரின் வெப்பத்துக்கேற்ப அம்முட்டைகள் பொரிய நாள் பிடிக்கும். ப்ரூக் டிரவுட்டின் முட்டைக்கு 10 டிகிரியில் ஒன்றரை மாதம் போதுமென்றால், 5 டிகிரியில் மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். பொரிந்த குஞ்சுகளும் மஞ்சட்கருவைச் சுமந்துகொண்டு சில வாரங்கள் கல்லுக்கடியிலேயே கிடக்கும். அதாவது, குளிர்காலத் தூண்டில்காரன் நீரில் இறங்கி நடக்கும் மாதங்களெல்லாம் அடுத்த தலைமுறை அவன் காலடியில் புதைந்திருக்கும் மாதங்கள். மொன்டானா மாநிலத்தில் ராபர்ட்ஸ், ஒயிட் என்னும் இருவர் செய்து 1992-இல் வெளியிட்ட சோதனையில், முட்டைப் பருவம் முழுவதும் நாளுக்கு இருமுறை படுகையை மிதித்து நடந்தால் நூற்றில் தொண்ணூற்றாறு வரை முட்டையும் குஞ்சும் அழியக்கூடும் என்றும், பொரிவதற்குச் சற்றுமுன் ஒரேயொரு முறை மிதித்தாலே நூற்றில் நாற்பத்து மூன்று வரை அழியக்கூடும் என்றும் கண்டார்கள். மிதிபட்ட குழிக்கே உரிய கணக்கு இது, ஓடை முழுவதற்குமானதன்று என்பது மெய்யே. எனினும், மீனைக் கொல்லாமல் விடுகிறேன் என்று பெருமை பேசிக்கொண்டே அதன் தொட்டிலின்மேல் நடப்பவனைவிட, கரையில் நின்று இரண்டு மீனைப் பிடித்துக் குழம்புக்குக் கொண்டுபோகிறவன் ஓடைக்குக் குறைந்த தீங்கே செய்கிறான் என்று நான் கருதுகிறேன். கூழாங்கல் பரப்பில் சுற்றுப்புறத்தைவிட வெளுத்து, குழிந்து, அதையடுத்து மேடிட்டுத் தோன்றும் இடங்களைக் கண்டு விலகி நடக்கப் பழகாதவர்கள் கரையைவிட்டு இறங்காமலிருப்பதே நலம்.

ஏரிக்குப் போவோம். பனிக்கட்டியின் வழியே மீன் பிடிக்கும் கலையை வெள்ளையர் அப்பிரதேசத்துக்குக் கொண்டுவரவில்லை. ஓஜிப்வே மக்கள், பனிக்கட்டியில் ஒரு துளையிட்டு, அதன்மேல் கம்பளியையோ தோலையோ கூடாரம்போல் கவித்துக்கொண்டு, வெளிச்சம் புகாமல் குப்புறப் படுத்து, மரத்தில் மீன்போலச் செதுக்கிய பொம்மையை ஒரு கையால் நீருக்குள் ஆட்டி, அதை நாடிவரும் பெருமீனை மறுகையிலுள்ள நெடிய ஈட்டியால் குத்தியெடுப்பார்கள். மேலே இருட்டாகவும் கீழே வெளிச்சமாகவும் இருப்பதால், வெண்பனியினூடே கசிந்த ஒளியில் நீரின் ஆழம் கண்ணாடிப் பேழைபோலத் துலங்கும். மீனுக்கோ மேலிருப்பவன் தெரிவதில்லை. லாக் டு ஃப்ளாம்போ என்னும் ஊரைச் சேர்ந்தவர்கள் அந்த மரமீன்களைச் செதுக்குவதில் பேர்போனவர்கள்; இன்று அவை கலைப்பொருள்களாகச் சேகரிக்கப்பட்டு விலையேறிவிட்டன. ஐரோப்பாவிலும் இக்கலை பழையதே; 1555-இல் ரோம் நகரில் அச்சான ஓலாஸ் மாக்னஸ் என்னும் ஸ்வீடன் தேசத்துப் பாதிரியாரின் வடநாட்டுச் சரித்திரத்தில், பனிக்கட்டிக்குக் கீழே வலையிழுக்கும் மீனவர்களைப் பற்றிய செய்திகள் இருக்கின்றன.

சுபீரியர் ஏரியின் கரையிலுள்ள பேஃபீல்டைச் சுற்றி, லேக் டிரவுட்டை நூறு அடிக்கும் மேற்பட்ட ஆழத்தில் பிடிக்கும் உள்ளூர் முறை ஒன்றுண்டு. அதற்குக் கோலும் இல்லை, சுருணையும் இல்லை. கையளவு குச்சியில் சுற்றிய நூலும், கனத்த பொய்யிரையில் கோத்த மீன்துண்டுமே கருவி. அடிவரை இறக்கி, கையாலேயே ஏற்றி இறக்கி ஆட்டுகிறார்கள். மீன் பிடித்ததும் நூலைக் கைமாற்றி இழுத்தெடுக்கிறார்கள். அவ்வளவு ஆழத்திலிருந்து சடுதியில் மேலே வரும் பெர்ச் முதலிய மீன்களின் காற்றுப்பை விரிந்து அவை மாண்டுபோவது வழக்கம். லேக் டிரவுட்டோ தன் காற்றுப்பையிலிருந்து தொண்டைக்கு ஒரு குழாய் உடையதாகையால், மேலே வரும்போதே காற்றைக் குமிழியாகக் கக்கிவிட்டுப் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறது. இக்காலத்தில் இம்முறைக்குப் பக்கத்திலேயே, எரிவாயு அடுப்பு எரியும் மடக்குக் கூடாரமும், இயந்திரத் துளைக்கோலும், அடியில் நீந்தும் மீனைத் திரையில் காட்டும் ஒலியலைக் கருவியும் வந்து அமர்ந்துவிட்டன. திரையில் கோடாகத் தெரியும் மீனைப் பார்த்து முள்ளை ஆட்டுவது தூண்டில் பிடிப்பதாகுமா என்று முதியவர்கள் கேட்கிறார்கள். ஓஜிப்வே வேட்டைக்காரனும் மீனைக் கண்ணால் பார்த்தே குத்தினான் என்பதனால், அந்தக் கேள்வியில் நான் அவ்வளவாகச் சாரம் காணவில்லை.

பனிக்கட்டியின்மேல் நிற்பவனுக்கு எல்லாவற்றிலும் பெரிய சாஸ்திரம் அதன் கனமே. தெளிந்த, கருநிறமாகத் தோன்றும் புதுப் பனிக்கட்டி நான்கு அங்குலமிருந்தால் ஆள் நடக்கலாம். சிறு மோட்டார் வண்டிக்கு ஒன்பது பத்து அங்குலம் வேண்டும் என்று அண்டை மாநிலமாகிய மினசோட்டாவின் அரசாங்கம் அறிவுறுத்துகிறது. வெண்பனி நனைந்து உறைந்த வெள்ளைப் பனிக்கட்டிக்குப் பாதி பலமே உண்டாகையால், கணக்கை இரட்டிக்க வேண்டும். அனுபவசாலிகள் கடப்பாரையால் ஒவ்வோரடிக்கும் முன்னே குத்திப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள்; நீரில் விழுந்தால் பனிக்கட்டியில் குத்தி ஊர்ந்தேறுவதற்காக, கழுத்தில் இரண்டு ஆணிப்பிடிகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். இரவில் குளிர் இறுகும்போது ஏரி முழுவதும் பீரங்கி முழங்குவது போன்ற ஓசை எழும்; அது பனிக்கட்டி சுருங்கி வெடிப்பதன் ஓசையேயன்றி ஆபத்தின் அறிகுறியன்று. சுபீரியரில் அஞ்சத்தக்கது காற்று; கரையிலிருந்து வீசும் காற்று பெரும் பனித்தகட்டையே பெயர்த்து, மேலிருக்கும் மனிதர்களோடு ஏரிக்குள் தள்ளிக்கொண்டு போய்விடும்.

இந்த லேக் டிரவுட் இன்று இருப்பதே ஒரு மறுபிறப்பு. நயாகரா நீர்வீழ்ச்சி தடுத்துவைத்திருந்த லாம்ப்ரே என்னும் இரத்தம் உறிஞ்சும் விலாங்கு போன்ற பிராணி, அவ்வீழ்ச்சியைச் சுற்றிக் கப்பல்களுக்காக வெட்டப்பட்ட வெல்லண்ட் கால்வாயின் வழியே மேலேறி, 1921-இல் ஈரி ஏரியிலும், 1938-இல் சுபீரியரிலும் காணப்பட்டது. இருபதாண்டுக்குள், மிதமிஞ்சிய வலைவீச்சும் அதனோடு சேர்ந்து, லேக் டிரவுட்டை மிச்சிகன் ஏரியில் பூண்டோடும், சுபீரியரில் சிறிதே மிஞ்சும்படியும் அழித்துவிட்டது. ஹ்யூரான் ஏரிக்கரையிலுள்ள ஆய்வுக்கூடம் ஒன்றில் ஏறத்தாழ ஆறாயிரம் இரசாயனப் பொருள்களைச் சோதித்து, லாம்ப்ரேயின் புழுப்பருவத்தை மட்டும் பெரிதும் கொல்லும் ஒன்றைக் கண்டுபிடித்து, 1958-இல் சுபீரியரில் விழும் ஓடைகளில் கலக்கத் தொடங்கினர். 1976-இல் விஸ்கான்சின் அரசு, அப்போஸ்தலர் தீவுகளுக்கருகே கல் (Gull) என்னும் தீவின் திட்டைச் சுற்றி, டிரவுட் முட்டையிடும் பாறைப் பரப்பில் மீன்பிடிப்பையே தடை செய்தது. பொரிப்பகத்துக் குஞ்சுகளைக் கோடிக்கணக்கில் விட்ட இடங்கள் பலவற்றில் கைகூடாதது, பழைய இனத்தின் சிறு மிச்சத்தைத் தொடாமல் விட்ட இங்கே கைகூடியது. இதற்கு நேர்மாறாக, தென்கொரியாவின் ஹ்வாச்சோன் ஊரில் 2003-இல் தொடங்கி ஜனவரியில் நடந்துவரும் பனிமீன் திருவிழாவுக்கு இலட்சக்கணக்கானோர் கூடுகின்றனர். பண்ணையில் வளர்த்த மீனை உறைந்த ஓடைக்குள் கொண்டுவந்து கொட்டி, ஆயிரக்கணக்கான துளைகளின் வழியே மறுபடி எடுத்துக்கொள்கிறார்கள். அதில் மகிழ்ச்சி உண்டு, வியாபாரமும் உண்டு. ஆனால் அது ஏரியைப் பற்றிய விஷயமன்று.

ஏரிக்குக் கூரையான பனிக்கட்டியே இப்போது மெலிந்துவருகிறது. மாடிசனிலுள்ள மெண்டோட்டா ஏரி உறையும் நாளையும் உருகும் நாளையும் 1850-கள் முதற்கொண்டு விடாமல் குறித்து வந்திருக்கிறார்கள். 1880-81 குளிர்காலத்தில் 161 நாள் மூடியிருந்த அந்த ஏரி, 2001-02-இல் 21 நாளே மூடியிருந்தது. சராசரியாகப் பார்த்தாலும் ஏறத்தாழ ஒரு மாதம் குறைந்துவிட்டது. அங்கே பணியாற்றிய மேக்னசன் என்பவரும் பல தேசத்து ஆராய்ச்சியாளரும் சேர்ந்து, வடகோளத்து ஏரி ஆறுகளின் பழங்குறிப்புகளைத் திரட்டி 2000-இல் வெளியிட்ட கட்டுரையில், நூறாண்டுக்கு 5.8 நாள் வீதம் உறைதல் பிந்துகிறது, 6.5 நாள் வீதம் உருகுதல் முந்துகிறது என்று கணக்கிட்டார்கள். பேஃபீல்டிலிருந்து மேடலின் தீவுக்குப் பனிக்கட்டியின் மேலேயே மோட்டார் வண்டிப் பாதை அமைத்து, இருமருங்கிலும் பண்டிகை முடிந்து எறிந்த கிறிஸ்துமஸ் மரங்களை நட்டு வழிகாட்டும் பழக்கம் உண்டு. சில குளிர்காலங்களில் அப்பாதை இப்போது திறக்கப்படுவதேயில்லை. அத்தகைய ஆண்டில் கைநூல் பிடிப்பவர்களும் கரையில்தான் நிற்க வேண்டும்.

ஊற்றோடைகளுக்கு இந்த மாறுதல் வேறு வகையில் வருகிறது. ஊற்றின் வெப்பம் ஆண்டுச் சராசரியைப் பின்பற்றுவதாகையால், சராசரி ஏறினால் ஊற்றும் மெல்ல ஏறும்; குளிர்காலத்தில் அது தூண்டில்காரனுக்குச் சாதகம்போலத் தோன்றினாலும், வேனிலில் ப்ரூக் டிரவுட்டுக்குப் பாதகமாகவே முடியும். கனமழையும் கூடிவருகிறது. 2018 ஆகஸ்டு இறுதியில் ஒரே இரவின் பெருமழையில், கூன் ஓடையிலும் கிக்கப்பூ ஆற்றின் மேற்குக் கிளையிலுமாக ஐந்து வெள்ளத்தடுப்பு அணைகள் உடைந்தன. அவற்றை மறுபடி கட்டுவதா, எஞ்சியவற்றையும் அகற்றிவிடுவதா என்ற விவாதத்தில், அணைக்குச் செலவிடும் பணத்தை மேட்டுநில உழவர்களிடம் கொடுத்து மழையை அங்கேயே மண்ணுக்குள் இறக்குவதே சிக்கனம் என்றனர் ஒரு சாரார். அந்த மேட்டிலோ, பெரிய இயந்திரங்களுக்கு வசதியாகப் பழைய குறுக்குப் பட்டைகளை ஒன்றாக்கி, புல்லை நீக்கி, மக்காச்சோளமும் சோயாவும் மட்டுமே விதைக்கும் பண்ணைகள் ஆண்டுக்காண்டு மிகுந்துவருகின்றன. ஜனவரி ஓடையில் ஆவி பறக்க வேண்டுமானால் மீன்வளத் துறை பேச வேண்டியவர்கள் அப்பண்ணைக்காரர்களே. அத்துறையின் அதிகாரமோ ஓடைக்கரையின் சில அடிகளோடு முடிந்துவிடுகிறது.